மிச்சச் சோறும் அதைத் தேடி வரும் விலங்குகளும்

ஊர் திரும்பி இது உங்கள் முதலாவது கிழமை. வளவைத் துப்புரவாக்கி, தறப்பாள் கொட்டில் போட்டு, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டீர்கள். மிஞ்சிய சோற்றையும் மீன் செதிலையும் வேலியோரம் எறிகிறீர்கள். மறுநாள் விடிய இரண்டு நாய்கள் வந்து நிற்கின்றன. அடுத்த நாள் காகங்கள் வருகின்றன. கிழமை முடிவதற்குள் குரங்குகள் கொட்டிலின் மேல் ஏறிவிடுகின்றன.

ஆட்கள் இல்லாத ஆண்டுகளில் காடு வளர்ந்த வளவுகளில் விலங்குகளும் பழகிவிட்டன. இப்போது சமையல் வாசனை அவற்றை உங்கள் குசினிக்கு அழைத்து வருகிறது. அவற்றைத் துரத்துவதைவிட, அவை தேடி வரும் உணவை இல்லாமற் செய்வது இலகு. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

காட்டில் ஒரு குரங்கு வயிறு நிரம்ப நாள் முழுவதும் அலைய வேண்டும். குப்பை மேட்டில் சில நிமிடங்கள் போதும். ஒரு முறை உணவு கிடைத்த இடத்தை அது மறப்பதில்லை. செங்குரங்கின் கன்னங்களுக்குள் பை போன்ற இடம் உண்டு. அகப்பட்டதை அதற்குள் அடைத்துக்கொண்டு ஓடி, மரத்தில் இருந்து ஆறுதலாகத் தின்னும். அதனால் நீங்கள் தடியை எடுக்கும் முன்பே அதன் வேலை முடிந்துவிடும்.

சிந்திய உணவுக்கு எலியும் வரும். எலியைத் தேடி நாகபாம்பும் புடையனும் வரும். காகம் தூக்கிச் செல்லும் எலும்புத் துண்டு மூடாத கிணற்றுக்குள் விழும். வேலியோரம் எறிந்த ஒரு பிடி சோற்றினால் இவ்வளவும் நடக்கிறது.

யானை நடமாட்டம் உள்ள இடங்களில் ஆபத்து இன்னும் பெரிது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பை மேட்டில் உணவு தேடிய காட்டு யானைகள் பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. அங்கு எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. இறந்த யானைகளின் வயிற்றில் பிளாஸ்டிக் கிடந்தது. யானை நெல்லையும் உப்பையும் மணந்து பிடித்து வீட்டுச் சுவரையே இடிக்கக்கூடியது. நெல் மூட்டையை நீங்கள் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். உப்பை இறுக்கமான மூடியுள்ள பேணியில் வையுங்கள்.

குப்பைக் குழி வெட்டும் முறை

முதலில் ஒரு எச்சரிக்கை. மிதிவெடி அகற்றி, உங்களிடம் கையளிக்கப்பட்ட காணிக்குள் மட்டும் குழி வெட்டுங்கள். அதற்கு வெளியே மண்ணைக் கிண்டவும் கூடாது, நெருப்பு மூட்டவும் கூடாது. வெட்டும்போது சந்தேகமான பொருள் ஏதும் தெரிந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி, உடனே கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

1. கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, இரண்டடி அகலமும் மூன்றடி ஆழமும் உள்ள குழியை வெட்டுங்கள்.
2. மிச்சச் சோறு, மரக்கறித் தோல், மீன் கழிவு எல்லாவற்றையும் அன்றன்றே போட்டு, மேலே சாம்பலும் நாலு விரல் உயரத்துக்கு மண்ணும் போடுங்கள்.
3. தகரத்தால் மூடி, மேலே பாரமான கல் வையுங்கள்.
4. பொலித்தீனைக் குழியில் போடவோ எரிக்கவோ வேண்டாம். கழுவி, உரப்பையில் சேர்த்து, பிரதேச சபையின் குப்பை வண்டியில் கொடுங்கள்.
5. குழி நிரம்பியதும் மண்ணால் மூடி, பக்கத்தில் இன்னொன்றை வெட்டுங்கள். சில மாதங்களில் முதற் குழி வாழைக்கும் தென்னைக்கும் நல்ல பசளையாகிவிடும்.

விரத நாளில் காகத்துக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. இலையில் ஒரு சிறு பிடி வையுங்கள். காகம் தின்று முடிந்ததும் இலையையும் மிச்சத்தையும் எடுத்துக் குழியில் போடுங்கள்.

குரங்கு எதிரே வந்தால்

கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். குரங்கு இரண்டையும் சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். கையிலுள்ள உணவைப் பறிக்க வந்தால் இழுபறிப்படாமல் விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்னால் செல்லுங்கள். பிள்ளைகள் உணவுடன் முற்றத்தில் தனியே இருக்க வேண்டாம்.

முக்கியமாக, குரங்கையோ நாயையோ பன்றியையோ துரத்திக்கொண்டு பற்றைக்குள் ஓடாதீர்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் எதற்காகவும் கால் வைக்க வேண்டாம். அது தூக்கிச் சென்ற கோழியோ பாணோ உங்கள் காலைவிடப் பெரிதல்ல. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கடித்துவிட்டால்

விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதல்ல. பூனை, நரி, கீரி, குரங்கு முதலியவற்றாலும் வரலாம். கடி மட்டுமன்றி நகக்கீறலும், காயத்தில் பட்ட எச்சிலும் போதும். நோயின் அறிகுறி தொடங்கிய பின் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. ஆனால் உடனே செய்ய வேண்டியதைச் செய்தால் நோய் வராமலே தடுக்கலாம்.

- காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் கிணற்று நீரை வாளியால் இடைவிடாமல் ஊற்ற, மற்றவர் கழுவட்டும்.
- சுண்ணாம்பு, கோப்பித்தூள், மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.
- காயம் சிறிது என்று பார்க்காமல் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அங்கு தடுப்பூசி இலவசம். வாகனம் இல்லாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.
- மருத்துவர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிட வேண்டாம்.
- கடித்தது வீட்டு நாய் என்றால் அதைக் கொல்லாமல் கட்டி வைத்து 14 நாட்கள் கவனியுங்கள். ஆனால் அதற்காகச் சிகிச்சையைப் பிற்போடாதீர்கள்.

பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. ஏச்சு விழும், ஊசி போடுவார்கள் என்ற பயமே காரணம். நாயோடு விளையாடியதற்காக ஏசினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது. "கடிச்சாலும் கீறினாலும் உடனே வந்து சொல்லு, நான் ஏச மாட்டன்" என்று இன்றே சொல்லி வையுங்கள். பிள்ளையின் உயிரைக் காப்பது அந்த ஒரு சொல்லாகவும் இருக்கலாம்.

வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் விசர் தடுப்பூசி போடுங்கள். ஊசி போடும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. நேற்று இரவு மிஞ்சிய சோறு எங்கே போனது? அதை யார் தின்றது?
2. உங்கள் கிணற்றுக்கு மூடி உண்டா? இல்லாவிட்டால் எதனால் மூடலாம்?
3. மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு இரவில் எப்படிப் போவீர்கள்?
4. அயல் வீட்டார் குப்பையை வெளியே எறிந்தால் உங்கள் குழியால் மட்டும் பயன் உண்டா? மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி யார் பேசுவது?

நாலாவது கேள்வியை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரு வீட்டார் குழி வெட்டினால் குரங்கு பக்கத்து வளவுக்குப் போகும். ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டாரும் வெட்டினால் அது காட்டுக்குத் திரும்பும்.