ஆஃப்சைடு என்னும் புதிர்

சென்ற மாதம் விடுதிகளுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டியில் நம்மவர் போட்ட கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதையும், அதன்பின் எழுந்த கூச்சலையும் அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்கூச்சலில் உரக்க ஒலித்த குரல் அடியேனுடையதுதான். "கோல் கோட்டிலேயே ஒருவன் நிற்கிறானே, பிறகு எப்படி ஆஃப்சைடு?" என்று கொடி பிடித்தவரை நோக்கிக் கத்தினேன். அவர் வங்காளி, ஆய்வுக்கூடத்தில் என் அடுத்த மேசைக்காரர். நல்ல வேளையாக நான் கத்தியது தமிழில். ஆயினும் தொனிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை அன்றோ? அன்றிரவு விதியைப் படித்துப் பார்த்தேன். தவறு என்னுடையது.

பதினோராம் விதி கூறுவது இதுதான். எதிரணியின் பாதித் திடலில், பந்தைவிடவும், எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளைவிடவும் கோல் கோட்டுக்கு அருகே ஒருவர் இருந்தால், அவர் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார். சமமாக நின்றால் குற்றமில்லை. அச்சலுகை 1990-இல் வந்தது. தலை, உடல், கால் ஆகியவை கணக்கில் சேரும், கைகள் சேரா. அந்நிலையில் சும்மா நிற்பதும் குற்றமன்று; ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். கோல் உதை, மூலை உதை, கோட்டிலிருந்து எறிதல் இவற்றிலிருந்து நேரே வரும் பந்துக்கு இவ்விதி இல்லை.

'இரண்டாவது ஆள்' என்பதில்தான் நான் வழுக்கி விழுந்தேன். வழக்கமாகக் கடைசி ஆள் கோல்கீப்பர். ஆகவே அவருக்கு முன்னால் நிற்கும் காவலர் ஒருவரைப் பார்த்தால் போதும் என்று மனம் பழகிவிடுகிறது. அன்றோ கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க வெளியே ஓடிவந்துவிட்டார். கோட்டில் நின்றவர் கடைசி ஆள் ஆனார். இரண்டாவது ஆளோ நம்மவருக்குப் பின்னால்! 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவின் வேலா போட்ட கோலும் இப்படியேதான் போயிற்று.

இரண்டு என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1863-இல் பந்துக்கு முன்னால் நின்றாலே குற்றம். 1866-இல் மூன்று எதிராளிகள் இருந்தால் போதும் என்றார்கள். 1925-இல் மூன்று இரண்டாயிற்று. இங்கிலாந்து லீகில் முந்தைய பருவத்தில் 4,700 கோல்கள். அடுத்த பருவத்தில் 6,373! ஓர் எண்ணை மாற்றியதன் விளைவு இது.

இனி நம் துறைக்கு வருவோம். நிலையைப் பார்க்கவேண்டிய கணம், பந்து உதைபடும் கணம். வந்து சேரும் கணமன்று. தாக்குபவர் விநாடிக்கு 7 மீட்டர் உள்ளே ஓட, காவலர் அதே வேகத்தில் வெளியே ஓடினால், சார்பு வேகம் 14 மீட்டர். கொடிக்காரரின் கண் உதைப்பவரிடமிருந்து காவலரிடம் திரும்பப் பத்தில் ஒரு விநாடி ஆனாலும் 1.4 மீட்டர் மாறிவிடும். விநாடிக்கு 50 படம் எடுக்கும் காமிராவிலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 28 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே விநாடிக்கு 500 முறை செய்தி அனுப்பும் கருவியை வைத்ததன் காரணம் இப்போது விளங்கும்.

மறுநாள் இக்கணக்கைத் தாளில் போட்டு அடுத்த மேசையில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பார்த்துவிட்டு, வரும் ஞாயிறு ஆட்டத்தில் ஒரு பக்கக் கொடியை என்னிடமே கொடுத்துவிட்டார். கத்த விரும்பும் அன்பர்கள் நேரத்தோடு வந்து கோட்டோரம் இடம் பிடிக்கலாம்.