என்ஜின் விடும் மூச்சு

தம் கையாலேயே சிறு விமானம் கட்டுவோர் இறக்கைக்கும் உடற்கூட்டுக்கும் மாதக்கணக்கில் உழைக்கின்றனர். காற்றுக் குழாயையோ கடைசியில் கிடைத்த இடத்தில் பொருத்திவிடுகின்றனர். நானும் வரைபலகையில் அதே தவற்றைச் செய்தவன்தான். அதனால் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு காற்று வேண்டும்?

இத்தகைய விமானங்கள் பலவற்றில் இடம்பெற்ற 1,600 கன செ.மீ. ஃபோக்ஸ்வாகன் கார் என்ஜினை எடுத்துக்கொள்வோம். இது நான்கு வீச்சு என்ஜின். ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் 1.6 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிஷத்துக்கு 3,200 சுற்று எனில் 2,560 லிட்டர்; அதாவது வினாடிக்குச் சுமார் 43 லிட்டர். சிலிண்டர்கள் முற்றும் நிரம்புவதில்லையாதலால் இதை மேல்வரம்பு எனக் கொள்க.

இக்காற்று 5 செ.மீ. விட்டமுள்ள குழாயில் வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் பாயும். 200 சதுர செ.மீ. பரப்புள்ள வடிகட்டியிலோ 2 மீட்டர் வேகத்தில்தான் புகும். வேகம் குறைந்தால் தடையும் குறையும். எனவே வடிகட்டி பெரிதாக இருப்பதே நலம்.

குளிர்ந்த காற்று

என் முதல் வரைபடத்தில் வடிகட்டி, என்ஜின் மூடிக்குள் சிலிண்டர்களுக்குப் பின்னே இருந்தது. அங்கே காற்று 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறையும். என்ஜினின் வலுவும் குறையும். ஆனால் மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றை முழுதும் பிடித்தாலும், கிடைக்கும் கூடுதல் அழுத்தம் 1.6 சதவீதமே! ஆகவே வாயிலை முகப்புக்கு மாற்றினேன். அழுத்தத்துக்காக அன்று, குளிர்ச்சிக்காக.

தூசு

இங்குள்ள மே மாதப் புழுதிக் காற்றை நாம் அறிவோம். அதிலுள்ள குவார்ட்ஸ் துகள் இரும்பைவிடக் கடினமானது. எண்ணெயோடு கலந்து பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். வடிகட்டி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது வழி

திருத்திய படத்தை, ஓய்வுபெற்ற விமான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மழையில் இந்தக் காகித வடிகட்டி நனைந்து அடைத்துக்கொண்டால் என்ஜின் எந்த வழியாக மூச்சு விடும்?" என்னிடம் விடை இல்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று 20 டிகிரிக்கு மேலும் குளிரக்கூடும். ஈரக் காற்றாயின், வெளியே 20 டிகிரி வெப்பம் இருக்கையிலேயே உள்ளே பனிக்கட்டி படிந்து வழியை அடைத்துவிடும்.

இரண்டு ஆபத்துக்கும் மருந்து ஒன்றே. புகைபோக்கிக் குழாயைச் சுற்றி ஒரு தகரச் சட்டை அமைத்து, அதனுள் சூடேறும் வெளிக்காற்றை வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு கதவு வழியாகக் கொண்டுவர வேண்டும். ஓட்டுபவர் கைப்பிடியை இழுத்தால் கதவு திரும்பும். இக்காற்று வடிகட்டப்படாதது; ஆதலால் தரையில் சோதனைக்கு மட்டும் சிறிது நேரம் திறக்கலாம். கதவின் ஆணி கழன்று கார்புரேட்டருக்குள் விழாதபடி கம்பியால் கட்டுக. பெட்டியின் அடியில் நீரும் பெட்ரோலும் வடிய ஒரு துளை இடுக.

பறக்குமுன் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். சுற்று சற்றே குறைய வேண்டும். குறையவில்லையெனில் கதவு திரும்பவில்லை என்று ஐயுறுங்கள். காரணத்தைக் காணும்வரை தரையைவிட்டு எழவேண்டாம்.