நான்காம் பக்கத்தில் பதினேழு ‘படும்’

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா அல்சூருக்கு வந்தபோது உன்னுடைய ‘பணியிட மனநலக் கையேடு’ ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனார். பொம்மசந்திரா ஆலைக்கு ஓசூரிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களுக்காக நீயே உட்கார்ந்து தமிழில் எழுதியதாம். 22 பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். படித்து முடித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மனநலம் என்றால் என்ன, முதலாளிக்கு அதில் என்ன பொறுப்பு என்பதெல்லாம் நமக்குள் பேச வேண்டியதில்லை. நேராக நான்காம் பக்கத்துக்கு வருகிறேன்.

‘ஆலோசனை வழங்கப்படும். விடுப்பு பரிசீலிக்கப்படும். புகார்கள் ரகசியமாகக் கையாளப்படும். பணிச்சுமை மறுஆய்வு செய்யப்படும்.’ எண்ணிப் பார்த்தேன். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பதினேழு ‘படும்’. யாரம்மா வழங்குவார்? எந்த அறையில், எத்தனை மணிக்கு? படிக்கப்போகிறவர் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கண் எரிச்சலோடு நிற்கும் ஒரு ஃபிட்டர். அவர் யார் முன்னால் போய் நிற்பது? எழுவாய் இருந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர் ‘என்னால் ஆகாது’ என்று சொல்லிவிடுவார். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று நீ ‘படும்’ போட்டிருக்கிறாய். இந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். 32 வருஷம் ஆலை ஆபீஸில் உட்கார்ந்து இதே மையில்தான் நானும் எழுதினேன்.

முதல் பக்கத்தில், மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்ற உலக சுகாதார நிறுவனக் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதே நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியை நீயும் படித்திருப்பாய். வேலை நடக்கும் விதத்தை மாற்று, மேலாளரைப் பழக்கு என்பவை அதில் எங்கே நிற்கின்றன? உன் கையேட்டில் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பக்கம், சூபர்வைசருக்கு அரைப் பக்கம். டார்கெட் என்ற சொல்லே இல்லை. ‘மனத்திடத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று தொழிலாளிக்கு உபதேசம் மட்டும் இருக்கிறது. 2024 ஜூலையில் ஐ.டி. ஆட்களுக்கு ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேலும் வேலை என்ற யோசனை இந்தப் பெங்களூரில் கிளம்பி, ஊழியர் சங்கம் கொதித்ததே, அப்போது யாராவது அவர்களுக்கு மூச்சுப் பயிற்சியா சொல்லிக் கொடுத்தார்கள்?

நீ சிரிப்பாய் என்று தெரியும். ‘சித்தப்பா மறுபடி லீவு ரிஜிஸ்டருக்கு வந்துவிட்டார்’ என்பாய். வந்துவிட்டேன். ஒரு ஆலையின் மனநலம் அதன் லீவு ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஒரே லைனில் திங்கட்கிழமைதோறும் ஆள் குறைகிறதென்றால் முதலில் அந்த லைன் சூபர்வைசரின் வாயைக் கவனி. ஒரே பெயரில் அரை நாள் லீவு, சம்பளமில்லா லீவு, முன்பணம், ஷிஃப்ட் மாற்றம் எல்லாம் மூன்று மாதத்துக்குள் வந்தால், ஆளை உன் அறைக்குக் கூப்பிடாதே. கேன்டீனுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடி.

1980 கடைசியில் தொடங்கிய பொதுத்துறை வேலைநிறுத்தம் 77 நாள் ஓடியது. எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. என்று ஊர் பாதி வெளியே நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. திரும்பி வந்தவர்கள் கூட்டுறவுச் சங்க ஜன்னலில் வரிசை கட்டினார்கள். தூக்கமில்லை, வீட்டில் சண்டை, குடி, எல்லாம் அந்த வரிசையில் இருந்தது. மனநலம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அட்வான்ஸ் என்றுதான் கேட்டார்கள்.

ஒரு டர்னரின் கதையை உனக்குச் சொன்னதில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும். தங்கமான கை. 1984இல் திடீரென்று மாதம் பத்து நாள், பதினொரு நாள் வராமல் போனார். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஸ்டாப்பில் இறங்கினால் பஸ்ஸில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று டெய்ரி சர்க்கிளில் இறங்கித் திரும்பி நடந்து போவாராம். காலையிலேயே போய் வரிசையில் உட்கார வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் அப்படியே போவார்; அடுத்த ராத்திரி வேலைக்கு வர முடியாது. மாத்திரை அங்கே கிடைத்தது. லீவும் பகல் ஷிஃப்டும் இங்கே நாங்கள் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது சார்ஜ் மெமோ. இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு. அதற்கப்புறம்தான் கேன்டீன் ஆள் சொன்னார்: ‘சார், அவர் நாலு மாசமா சாப்பாட்டு டோக்கனே வாங்கல, வெறும் டீதான்.’

2021 டிசம்பரில், மனநலக் குறைபாடுள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு அந்த டர்னரைத்தான் நினைத்தேன். அந்த மெமோவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அடித்தது. ‘நீர் அடிக்கடி வராமலிருப்பது கவனிக்கப்பட்டுள்ளது’ என்று தொடங்கும். யார் கவனித்தார்கள்? கேன்டீன் ஆள் ஒருவரைத் தவிர யாருமில்லை.

காப்பீட்டுப் பத்தியையும் ஒருமுறை பார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு கொடுக்கச் சொல்கிறது. உங்கள் குரூப் பாலிசி, படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருமா, மாதாமாதம் மருத்துவரைப் பார்க்கும் செலவுக்கும் தருமா என்று கேட்டு, பதிலை அப்படியே அச்சடி. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் கிடக்கிறது. அதைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டு. தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் மனுஷன் அதைப் படிப்பான்.

இனி, பதினொன்றாம் பக்கம். ‘இன்று முடியவில்லை என்று உங்கள் சூபர்வைசரிடம் சொல்லலாம். அவர் காரணம் கேட்கக் கூடாது. இரண்டு மணி நேரம் உங்களுடையது. ரிலீவரை அவர் தேடிக்கொள்வார்.’ மகளே, இதை எழுத உனக்கு எப்படித் தோன்றியது! இதில் ஆள் இருக்கிறார், வேலை இருக்கிறது, மணிக்கணக்கு இருக்கிறது. இந்த நான்கு வரிக்கு என் 32 வருஷ ஃபைல்களைத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். இதற்கு நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க என்ன பாடு பட்டிருப்பாய் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. இதை எழுதத் தெரிந்தவள் நான்காம் பக்கத்தை அப்படி எழுதியதுதான் எரிச்சலாக இருக்கிறது.

திருத்தியதும் அனுப்பு. ‘படும்’ என்ற இடத்திலெல்லாம் ஒரு பதவியும், அறை எண்ணும், மணியும் போடு. எழுவாய் கிடைக்காத வரியை அடித்துவிடு. பக்கம் பாதியானால் ஆகட்டும். லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாயிற்றா என்று அப்பாவிடம் கேள். போன தடவை மறந்து இரண்டு மாதம் பென்ஷன் நின்றுபோனது அவருக்கு.

அன்புடன்,
சித்தப்பா