முதல் சில மணி நேரத்துப் பாடம்

அன்புள்ள பாப்பா,

பிளாஸ்டிக் சர்ஜரி போஸ்டிங் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். "தேர்வில் தீக்காயம், உதட்டுப் பிளவு என்று ஒன்றிரண்டு கேள்வி வரும். அதற்காக வார்டில் போய் நிற்க வேண்டுமா, பெரியப்பா?" நியாயமான கேள்விதான். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு யாரும் மூக்கு செய்யப் போவதில்லை. ஆனால் துண்டான விரலும் வெந்த உடம்பும் முதலில் வந்து சேருவது பிளாஸ்டிக் சர்ஜன்களான எங்களிடம் அல்ல. ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டூட்டி பார்க்கும் உன்னிடம்தான். நீ செய்ததும் செய்யாமல் விட்டதும் போக மிஞ்சியதில்தான் எங்கள் கைவேலை. அதனால்தான், நுண்ணோக்கியில் நரம்பு தைக்கும் வீடியோவைக் காட்டி மாணவர்களை மலைக்க வைக்கும் வகுப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை.

கரும்பு பிழியும் மெஷினில் விரலைக் கொடுத்தவரைத் தூக்கி வருவார்கள். துண்டான விரல் ஐஸ் கட்டிக்குள் புதைந்து கிடக்கும். நல்லெண்ணம்தான், ஆனால் ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வை. விரலில் தசை கிடையாது. குளிர்ச்சியில் பல மணி நேரம் தாங்கும். முழங்கைக்கு மேலே துண்டானால் தசை ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு மேல் பொறுக்காது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ரத்தம் பீறிடும்போது ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை எடுக்கக் கை பரபரக்கும். எடுக்காதே. கண்மூடித்தனமாகப் பிடித்தால் குழாயோடு பக்கத்து நரம்பும் நசுங்கும். அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடி, பெரும்பாலும் நின்றுவிடும்.

தீக்காயம் இங்க் பூசியும் இட்லி மாவு அப்பியும் வரும். திட்டாதே. புதுக் காயமென்றால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடு. வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்று. பிறகு பரப்பைக் கணக்கிடு. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்பில் சுமார் 1 சதவீதம். வெறுமனே சிவந்த தோலைச் சேர்க்காதே. பார்க்லேண்ட் கணக்கு உனக்கு மனப்பாடமாகத் தெரியும்: எடை, சதவீதம், 4 மி.லி. மூன்றையும் பெருக்கு. 50 கிலோ, 30 சதவீதம் என்றால் 24 மணி நேரத்துக்கு 6 லிட்டர் ரிங்கர் லாக்டேட். பாதி முதல் 8 மணி நேரத்தில். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது, உன் வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. காலை 6 மணிக்கு வெந்தவர் 10 மணிக்கு வந்தால், 3 லிட்டரையும் 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அதுவும் தொடக்கக் கணக்குதான். கூட்டவா குறைக்கவா என்பதைச் சிறுநீரின் அளவு சொல்லும்.

வார்டில் தவறாமல் பார்க்க வேண்டியது ஒட்டுத்தோலின் முதல் கட்டைப் பிரிப்பது. ஒட்டுத்தோல் பிடுங்கி நட்ட நாற்று. அதற்கென்று ரத்தம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியிலிருந்து கசியும் நீரில் பிழைத்து, பிறகுதான் குழாய்கள் இணையும். அடியில் ரத்தம் தேங்கினாலோ, தோல் நகர்ந்தாலோ போச்சு. மேலுறை போன எலும்பின் மீது வைத்தால் பிடிக்கவே பிடிக்காது. அங்கே ஃபிளாப் வேண்டும்: சொந்த ரத்த ஓட்டத்தோடு நகரும் சதை.

இந்த வித்தை நம் நாட்டுப் பழைய சொத்து. ஆங்கிலேயப் படையில் வண்டியோட்டிய கோவாஸ்ஜியின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். புனே பக்கம் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் மூக்கு செய்து, அதை நெற்றியில் விரித்து அளவெடுத்து, தோலை அறுத்துத் திருப்பித் தைத்தார். புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு இணைப்பை அறுக்காமல் விட்டார்; ரத்தம் அதன் வழியேதான் போயிற்று. புது மூக்கு பிடித்த பிறகே, சுமார் 25 நாள் கழித்து, அதை வெட்டினார். 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியைப் பார்த்துத்தான் ஜோசப் கார்ப்யூ 1814இல் அங்கே அதைச் செய்தார். ஃபிளாப் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட அந்த இணைப்பு ஏன் என்று யோசி.

இன்னொன்று, இதை யாரும் உனக்கு வற்புறுத்திச் சொல்ல மாட்டார்கள். வெட்டுப்பட்ட கைக்கு மரத்துப்போகும் ஊசி போடுமுன் ஒவ்வொரு விரலிலும் உணர்ச்சி இருக்கிறதா, தனித்தனியாக மடங்கி நிமிர்கிறதா என்று பார். உணர்ச்சி அவ்வளவு முக்கியமா என்று கேட்காதே: தொழுநோய் விரலைத் தின்பதில்லை. உணர்ச்சி போன விரல் சூடும் வெட்டும் தெரியாமல்தான் சிதைகிறது என்பதை வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் உலகுக்குக் காட்டினார். ஊசி போட்ட பிறகு நரம்பு அறுந்ததா, மருந்தால் மரத்ததா என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதிவிட்டு, அப்புறம் ஊசியைத் தொடு.

அன்புடன்,
பெரியப்பா