மடக்குக் கத்தி செய்ய வருகிற தம்பிக்கு

1. யாருக்காகச் செய்கிறாய் என்பதை முதலில் கேட்டுக்கொள். பழவேற்காட்டில் ஏரிக்குப் போகிறவனுக்குக் கத்தி தேவைப்படுவது புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொள்ளும்போது. கை ஈரமாக இருக்கும், மீன் வழவழப்பும் சேர்ந்திருக்கும், படகும் ஆடும். அவனுக்கு மூன்று அங்குல அலகு போதும். ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டினால், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தது என்றாலொழிய, 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில் அது ஆயுதம். சினிமாவில் பார்த்த ராம்பூர் கத்தி மாதிரி ஒன்று வேண்டும் என்று எவனாவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு.

2. பழகுவதற்கு லாரி ஸ்பிரிங் பட்டை போதும். நன்றாகக் கூர் ஏறும். ஆனால் நம் ஊர்க் காற்றிலேயே துரு பிடிக்கும். விற்பதற்கு 440சி மாதிரி ஸ்டெயின்லெஸ் எடு. அதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், கரி உலையில் கட்டுப்படாது. அம்பத்தூர்ப் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவர்களிடம் கொடுத்துவிடு.

3. துளையெல்லாம் பதம் போடுவதற்கு முன்பே. பக்கத் தகடு இரண்டையும் சேர்த்து வைஸில் இறுக்கி ஒரே தடவையில் ட்ரில் போடு, அப்புறம் ரீமர் விடு. துளை கோணினால் அலகு ஒரு பக்கத் தகட்டில் உரசும். எந்த எண்ணெயும் அதைச் சரிசெய்யாது.

4. ஸ்பிரிங் பட்டையைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி எண்ணெயில் முக்கு. பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி இளஞ்சூடு காட்டு. அலகு வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்து, 200 டிகிரியை ஒட்டி இருக்கும். பூட்டுக்கான கம்பி நீலம் ஆகட்டும், 300 வரைக்கும். இரண்டுக்கும் ஒரே பதம் போட்டால், ஒன்று அலகில் கூர் நிற்காது, இல்லை கம்பி ஒடியும்.

5. பூட்டில்தான் தொழில் இருக்கிறது, இங்கே அவசரப்படாதே. பிரான்சில் 1890-ல் தொடங்கிய ஒப்பினெல் கத்திக்கு 1955-ல் திருகு வளையப் பூட்டு வந்தது. எளிமையான பூட்டுதான். ஆனால் மரப் பிடி ஈரத்தில் ஊறி அலகை இறுக்கிக்கொள்ளும், ஏரிக்கு ஒத்துவராது. நீ முதுகுப் பூட்டைப் பழகு. பிடியின் முதுகில் படுத்திருக்கும் கம்பியின் கொக்கி, அலகு முழுதாகத் திறந்ததும் அதன் வாலில் வெட்டிய பள்ளத்தில் விழும். பள்ளத்தின் சுவரை நேராக வெட்டாதே, லேசான சரிவு கொடு. தேயத் தேயக் கொக்கி இன்னும் உள்ளே இறங்கிப் பிடிக்கும். சரிவு அதிகமானால் நழுவிவிடும். கொக்கியின் நுனி பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது, தலைமயிர் அளவு இடைவெளி விடு. கொக்கியில் மார்க்கர் மை பூசித் திறந்து மூடிப் பார். மை அழிந்த இடம்தான் முட்டுகிற இடம். அங்கே அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி மை. பதம் போட்ட பிறகு அரம் பிடிக்காது, எண்ணெய்க் கல்லால்தான் கடைசிப் பொருத்தம். கரகரவென்று திறக்கிறதா? குற்றம் பெரும்பாலும் கொக்கியில் இல்லை. கம்பி வழுக்கிப் போகும் வாலின் வளைவில் அரத்தின் கீறல் மிச்சம் இருக்கும். 800 நம்பர் உப்புத்தாளில் அது சுத்தமாகப் போகும்வரை தேய்.

6. வாஷருக்குப் பாஸ்பர் பிரான்ஸ் வாங்கு. பால் பேரிங் இங்கே வேண்டாம், சேற்று மணல் புகுந்துவிடும். பித்தளையும் பிரான்ஸும் உப்புத் தண்ணீரில் இரும்போடு சேர்ந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும். கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடச் சொல். தேங்காய் எண்ணெய் பிசுபிசுக்கும்.

7. பூட்டை விரலை வைத்துச் சோதிக்காதே. திறந்த அலகின் முதுகை மரக்கட்டையில் லேசாகத் தட்டு. மடிந்தால் மறுபடி ஐந்தாவதுக்குப் போ.

8. பிடியின் பின்முனையில் கயிறு கோக்க ஒரு ஓட்டை போடு, ஓரத்தை மழுக்கு. ஏரி பல இடத்தில் இடுப்பளவுதான் என்றாலும் சேற்றில் விழுந்த கத்தி கைக்கு வராது. வாங்குகிறவன் கேட்காவிட்டாலும் ஆரஞ்சு நிறக் கயிறு கட்டியே கொடு.