குளத்து நோய்க்குக் குளத்திலேயே மருந்து

பெருமாட்டி, சித்தூர்ப் பக்கங்களில் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கும் அன்பர்களுக்கு மீன் மேல் வரும் சிவந்த புண் புதிதல்ல. செதில் உதிரும், துடுப்பு அரிக்கும், வயிறு ஊதும், பிறகு மீன் செத்து மிதக்கும். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்னும் பாக்டீரியா. நன்னீரில் சாதாரணமாகவே இருக்கும் இது, தண்ணீர் கெட்டு மீன் சோர்ந்திருக்கும் சமயம் பார்த்துத் தாக்குகிறது.

உடனே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் குளத்தில் கொட்டுவது ஆபத்து. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியாக்கள் பெருகும். தப்பும் திறனை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கொடுக்கும். நாளை மனிதருக்கு வரும் நோய்க்கும் அந்த மருந்து பலிக்காமல் போகலாம்.

இதற்கு மாற்றாக ஆராயப்படுவது, பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ். 1915-ல் இங்கிலாந்தில் டுவோர்ட் என்பவரும், 1917-ல் பாரிஸில் டி ஹெரேல் என்பவரும் இதைத் தனித்தனியே கண்டறிந்தனர். ‘பாக்டீரியோஃபேஜ்’ என்று பெயரிட்டவர் டி ஹெரேல். சுருக்கமாக ஃபேஜ் எனலாம். இது பாக்டீரியா மேல் ஒட்டிக்கொண்டு தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். உள்ளே புதிய ஃபேஜ்கள் உருவாகி, பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இதைத் தேட வேண்டிய இடம் பாக்டீரியா வாழும் அதே தண்ணீரும் சேறும்தான். முதலில் குளத்து நீரை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் வடிக்கிறார்கள். பாக்டீரியா மேலே தங்கிவிடும். அதைவிடப் பல மடங்கு சிறிய ஃபேஜ் கீழே இறங்கிவிடும். வடிநீருடன் நோய்ப் பாக்டீரியாவையும் அதற்கான உணவையும் சேர்த்து ஓர் இரவு வைத்தால் ஃபேஜ் பெருகும். மறுபடி வடித்து, பாக்டீரியாவோடு இளகிய அகாரில் கலந்து தட்டில் ஊற்றுகிறார்கள். மறுநாள் பாக்டீரியா தட்டு முழுவதும் மங்கலான படலமாகப் படர்ந்திருக்கும். அதில் ஆங்காங்கே தெளிந்த வட்டங்கள் தெரிந்தால் அங்கே ஃபேஜ் இருக்கிறது என்று பொருள். ஒரு வட்டத்தை மட்டும் எடுத்து, இதே முறையைச் சில தடவை திரும்பச் செய்தால் ஒரே வகை ஃபேஜ் கிடைக்கும்.

ரயில்வேயில் புது இன்ஜினைச் சோதிக்காமல் பாதையில் விடமாட்டோம். ஃபேஜுக்கும் அப்படித்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தலை, வால் அமைப்பைப் பார்க்கிறார்கள். எந்தெந்தப் பாக்டீரியாவைக் கொல்கிறது, எத்தனை நிமிடத்தில் எத்தனையாகப் பெருகுகிறது, எந்த வெப்பத்தையும் அமிலத்தையும் தாங்குகிறது என்று அளக்கிறார்கள். நச்சை உண்டாக்கும் மரபணு ஏதும் அதில் உண்டா என்பதும் முக்கியம். பாக்டீரியாவைக் கொல்லாமல் அதனுள் பதுங்கிக் கிடக்கும் ஃபேஜ் சிகிச்சைக்கு ஆகாது.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. இறால் குஞ்சுகளைக் கொல்லும் விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் பாக்டீரியாவுக்கு எதிரான ஃபேஜை, மேற்குக் கரை இறால் பண்ணை நீரிலிருந்தே மங்களூர் மீன்வளக் கல்லூரி விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். ஆய்வு 2006-ல் வெளியானது. குஞ்சு பொரிப்பகச் சோதனையில், ஃபேஜ் இட்ட தொட்டியில் 80 சதவீதத்துக்கு மேல் குஞ்சுகள் பிழைத்தன. ஆன்டிபயாட்டிக் இட்ட தொட்டியில் பிழைத்தவை அதைவிட மிகக் குறைவு.

ஆனால் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல, ஒரு ஃபேஜ் குறிப்பிட்ட பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். குளத்துக்கு நன்மை செய்யும் மற்ற பாக்டீரியாக்கள் தப்பிக்கும் என்பது இதன் பலம். நோய்க்கிருமி இன்னதென்று தெரியாவிட்டால் பயனில்லை என்பது பலவீனம். பாக்டீரியா நாளடைவில் ஃபேஜையும் எதிர்க்கப் பழகும் என்பதால், பல ஃபேஜ்களைக் கலந்து கொடுப்பதும் உண்டு.

ஆகவே, மீன் நோயுற்றால் மருந்துக் கடைக்குப் போகுமுன், நோயுற்ற மீனை மீன்வளத் துறையினரிடம் காட்டுங்கள். எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்வதே முதல் சிகிச்சை.