பேய் பப் உலாவுக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

எடின்பரோவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் வீடு பிடித்து, வங்கிக் கணக்கு தொடங்கி, தடித்த கோட்டு ஒன்று வாங்கி முடித்த கையோடு கேட்கும் கேள்வி இது: "அங்கிள், அந்தப் பேய் பப் டூர் போகலாமா?" தாராளமாகப் போங்கள். தூக்குமேடை நின்ற சந்தைத் திடலிலும், சிறை இருந்த தெருவிலும், பழைய நகர வாசல் இருந்த முனையிலும் இன்று பப்தான் இருக்கிறது. ஒரு வழிகாட்டியின் பின்னால் மூன்று நான்கு பப் ஏறி இறங்கினால் இந்த ஊரின் குற்ற வரலாறு பாதி தெரிந்துவிடும்.

பேயை நம்புவதும் நம்பாததும் உங்கள் சௌகரியம். பெரும்பாலான பேய்க்கதைகளுக்குள் யாரோ ஒருவர் நிஜமாகவே செத்திருக்கிறார். அவர் யார், ஏன் செத்தார் என்று விசாரிக்காமல் திரும்புகிறவர் கொடுத்த காசில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். அப்படி ஆகாதிருக்க எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. எந்த உலா என்று கேட்டுப் பணம் கட்டுங்கள்.

பேய் உலா என்ற பெயரில் இங்கே பல வகை நடக்கிறது. ஒன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். ஒன்று பாலத்துக்கு அடியிலுள்ள நிலவறைகளுக்குப் போகும். இன்னொன்று வேடம் போட்ட நடிகர் தெருவில் நடத்தும் நாடகம். பப் பப்பாக நின்று போவது தனி வகை. விளம்பரத்தில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். ஆகவே நான்கு கேள்வி கேளுங்கள்: எத்தனை பப், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், கட்டணத்தில் குடிப்பதும் சேர்த்தியா, எங்கே போய் முடியும். குடிப்பதற்குப் பெரும்பாலும் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ராத்திரி பத்து மணிக்கு மழையில் பஸ் நிறுத்தம் தேடும்போது அதன் அருமை புரியும்.

2. மாதம் பார்த்துப் போங்கள்.

ஜூன் கடைசியில் இந்த ஊரில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். ஏழு மணி உலாவுக்குப் போனால் பட்டப்பகல் வெளிச்சத்தில் நின்று தலையில்லா உருவத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதுதான். டிசம்பரிலோ நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆகஸ்டில் 1947 முதல் நடந்துவரும் கலைவிழாவின் கூட்டம். பப்புக்குள் நிற்கவே இடம் இருக்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், அதுவும் வாரநாளில் போவது உத்தமம். குரல் காதில் விழும், நாற்காலியும் கிடைக்கும்.

3. வயிறு நிறையச் சாப்பிட்டு, நல்ல செருப்பு மாட்டிக் கிளம்புங்கள்.

பழைய நகரம் மலை முதுகில் உட்கார்ந்திருக்கிறது. 'குளோஸ்' என்று இவர்கள் சொல்லும் சந்துகள் செங்குத்தாக இறங்கும். கீழே கருங்கல் பாவிய தரை. மழை பட்டால் வழுக்கும். குதிகால் உயர்ந்த காலணி வேண்டாம். குடையை நம்பவும் வேண்டாம், இங்கத்திய காற்றுக்கு அது தாங்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும்.

4. வயதுச் சான்று கையில் இருக்கட்டும்.

மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். பார்வைக்கு 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தாலே சான்று கேட்பது இங்கே நடைமுறை. நம் பிள்ளைகள் முப்பதிலும் இருபது போல இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டோ பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமமோ எடுத்துப் போங்கள். பல்கலைக்கழக அட்டையை நம்பிப் போகாதீர்கள். கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வயது குறைந்தவருக்கு விற்றால் மாட்டிக்கொள்வது ஊற்றிக் கொடுத்தவர்தான்.

5. பப்பின் மரியாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேஜையில் உட்கார்ந்து ஆள் வருவார் என்று காத்திருக்கக் கூடாது. கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, நாமே தூக்கி வர வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் யார் முன்னால் வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். முறை மாறி உங்களைக் கேட்டால், பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டிவிடுங்கள். அந்த ஒரு செய்கையிலேயே நல்ல பெயர் வாங்கிவிடலாம்.

கூட வந்தவர் உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த 'ரவுண்டு' உங்கள் பொறுப்பு. அந்தக் கணக்கு வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடிக்காதவர்களுக்கு இங்கே ஒரு சங்கடமும் இல்லை. கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது ஸ்காட்லாந்துச் சட்டம். ஆரஞ்சு நிறத்தில் ஐர்ன் புரூ என்று ஒரு சோடா உண்டு. இந்த நாட்டுக்காரர்கள் அதைத் தங்கள் சொந்தப் பெருமையாக நினைக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கினால் கவுன்ட்டர்காரர் முகம் மலரும்.

உலாக் கூட்டம் நுழையும்போது மூலையில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது தினசரி வரும் இடம். அவர் நாற்காலியை இழுக்காதீர்கள், அவரைப் படம் எடுக்காதீர்கள்.

6. அளந்து குடியுங்கள்.

ஒரு பைண்ட் 568 மில்லி. மூன்று நிறுத்தத்தில் மூன்று பைண்ட் என்றால் 1.7 லிட்டர். அதற்குப் பிறகு எந்தக் கதையும் மண்டையில் ஏறாது; அடுத்த கழிப்பறை எங்கே என்ற நினைப்புதான் இருக்கும். அரைப் பைண்ட் கேட்பதில் வெட்கம் இல்லை. விஸ்கி 25 அல்லது 35 மில்லி அளவில் தருவார்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டு மெதுவாகக் குடித்தால் ஒன்று நெடுநேரம் வரும். கார் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டு வாருங்கள். 2014 டிசம்பர் முதல் இங்கே வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தின் 80 மில்லிகிராமை நினைத்துக்கொண்டு வண்டி எடுக்காதீர்கள்.

7. கிராஸ்மார்க்கெட்டில் நிதானமாக நில்லுங்கள்.

எடின்பரோ பேய் பப் உலாக்கள் பெரும்பாலும் இந்தத் திடலைத் தொட்டுத்தான் போகும். 1784 வரை இங்கே பொதுமக்கள் முன்னால் தூக்கிலிட்டார்கள். அரசர் சொன்ன மத ஒழுங்கை ஏற்காத கவெனன்டர்கள் பலர் 17ஆம் நூற்றாண்டில் இங்கே உயிர்விட்டார்கள்; கிழக்கு முனையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் 'தி லாஸ்ட் டிராப்' என்ற பப். கடைசிச் சொட்டு, கடைசி வீழ்ச்சி இரண்டையும் சேர்த்துக் கேலியாக வைத்த பெயர். உள்ளே ஒரு சிறுமியின் ஆவி வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்பார்கள்.

அருகில் 'மேகி டிக்சன்ஸ்'. மஸல்பரோவைச் சேர்ந்த மேகி, கணவன் உடன் இல்லாத காலத்தில் கர்ப்பமானவள். வெளியே சொல்லாமல் மறைத்தாள். ட்வீட் ஆற்றங்கரையில் குழந்தையின் உடல் கிடைத்தது. 1724இல் கிராஸ்மார்க்கெட்டில் தூக்கிலிட்டார்கள். சொந்த ஊருக்குப் பெட்டியில் வைத்து வண்டியில் கொண்டு போகும் வழியில், வண்டிக்காரர்கள் குடிக்க இறங்கிய இடத்தில், பெட்டிக்குள் அசைவு. மேகி உயிரோடு எழுந்தாள். அதற்குப் பிறகும் பல்லாண்டு வாழ்ந்தாள்.

இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் இன்னொரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டத்தில் அவளைத் தூக்கிலிட்டார்கள்? 1690இல் ஸ்காட்லாந்தில் ஒரு சட்டம் வந்தது. பெண் கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்துக்கு உதவி கேட்காமல் இருந்து, பிள்ளை செத்துக் கிடந்தாலோ காணாமல் போனாலோ அவளே கொன்றாள் என்று வைத்துக்கொள்ளலாம். கொன்றதற்குச் சாட்சி தேவையில்லை. 1809இல்தான் அதை மாற்றி இரண்டு வருடச் சிறையாகக் குறைத்தார்கள். அந்த 119 ஆண்டில் எழுந்து உட்காராத மேகிகளுக்குப் பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

'சாகும்வரை' என்ற சொல் மேகியின் வழக்குக்குப் பிறகுதான் தூக்குத் தண்டனையில் சேர்ந்தது என்று சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. ரசியுங்கள், நம்ப வேண்டாம். அதற்கு முன்பே தீர்ப்புகளில் இருந்த சொல் அது.

8. பதிவு எது, கதை எது என்று பிரித்துக் கேளுங்கள்.

அதே திடலில் உள்ள 'ஒயிட் ஹார்ட்' விடுதியில் 1516 என்று எழுதியிருக்கும். நீங்கள் சாய்ந்து நிற்கும் சுவருக்கும் அதே வயது என்று எண்ண வேண்டாம். கொன்று பிணம் விற்ற பர்க்கும் ஹேரும் இங்கேதான் ஆள் பிடித்தார்கள் என்றும் சொல்வார்கள். பதிவில் உறுதியாக இருப்பது இதுதான்: பக்கத்துத் தெருவான வெஸ்ட் போர்ட்டில் ஹேரின் மனைவி நடத்திய மலிவு விடுதி. அங்கே வாடகை பாக்கியோடு ஒரு கிழவர் இயற்கையாக இறந்தார். அவர் உடலை உடற்கூறு ஆசிரியர் ராபர்ட் நாக்ஸிடம் ஏழு பவுண்டு பத்து ஷில்லிங்குக்கு விற்றார்கள். ருசி கண்டபின் சாவுக்குக் காத்திருக்கவில்லை. 16 பேரைக் கொன்றார்கள். பலருக்குக் குடிக்கக் கொடுத்து, மயங்கியதும் மூச்சை அடைத்து.

ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பித்தான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. பர்க்கை மட்டும் 1829 ஜனவரி 28இல் தூக்கிலிட்டு, அவன் உடலையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். பிறகு வந்த 1832ஆம் வருடச் சட்டம் கல்லூரிகளுக்கு உடல் கிடைக்க வழி செய்தது. எப்படி? ஏழை விடுதிகளில் இறந்து, கேட்க ஆளில்லாதவர்களின் உடலைக் கொடுத்து. பர்க் தேடிப் பிடித்ததும் அப்படி ஆதரவற்றவர்களைத்தான். எந்த ஆவிக் கதையையும்விட இதுதான் எனக்கு நடுக்கம் தருகிறது.

லான்மார்க்கெட்டில் 'டீக்கன் பிராடீஸ்' பப்பிலும் இதே கவனம் வேண்டும். வில்லியம் பிராடி பகலில் மதிப்புமிக்க தச்சர், தச்சர் சங்கத் தலைவர். இரவில் கள்ளச்சாவி போட்டுத் திருடியவர். 1788இல் தீர்வை அலுவலகத்தில் கைவைத்து, ஆம்ஸ்டர்டாம் வரை ஓடி, பிடிபட்டு, அக்டோபர் 1இல் தூக்கில் போனார். இவ்வளவும் வரலாறு. தன்னைத் தொங்கவிட்ட தூக்குமரத்தைத் தானே வடிவமைத்தார் என்பது கேட்க நன்றாக இருக்கும் கதை. இப்படி இரட்டை வாழ்க்கை வாழும் ஒருவரைப் பற்றித்தான் ஸ்டீவன்சன் 1886இல் ஜெகில்–ஹைடு நாவலை எழுதினார். அவர் சிறுவனாய்த் தூங்கிய அறையில் பிராடி செய்த அலமாரி ஒன்று நின்றது.

9. நிலவறையில் உடம்பு சிலிர்த்தால் சுற்றிலும் பாருங்கள்.

1788இல் முடிந்த சவுத் பிரிட்ஜ் பாலத்துக்கு 19 வளைவுகள். இன்று கௌகேட்டுக்கு மேலே உள்ள ஒன்றுதான் முழுசாகக் கண்ணில் படுகிறது. மற்றவை கட்டடங்களுக்குள் மறைந்து அறைகளாகிவிட்டன. நிட்ரி ஸ்ட்ரீட்டில் உள்ள 'பான்ஷி லாபிரிந்த்' பப் அந்த அறைகளில் சிலவற்றுக்குள் நீள்கிறது. உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 2001இல் இந்த நிலவறைகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை அனுப்பிப் பார்த்தார். எது பேய் அறை என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஆனாலும் பேய் உண்டென்று பேர்பெற்ற அறைகளில்தான் அதிகம் பேர் ஏதோ உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஆராய்ந்தால் அது அறையின் அளவு, வெளிச்சம் போன்றவற்றோடு பொருந்திப் போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். இங்கே அறையே ஆளை அரள வைக்கிறது. அதனால் சிலிர்த்ததும் அலறாமல், காற்று எங்கிருந்து வருகிறது, கூரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பயமும் குறையாது, புத்தியும் மங்காது.

10. அண்மைச் சாவை வேடிக்கையாக்காதீர்கள்.

பழைய நகர எல்லையில் இருக்கும் பப்புக்குப் பெயர் 'தி வேர்ல்ட்ஸ் எண்ட்'. 1977 அக்டோபரில் அங்கிருந்து கிளம்பிய இரண்டு இளம்பெண்கள் கொலையுண்டார்கள். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது 2014இல்தான். முன்பே ஒரு விசாரணையில் அவன் விடுதலையாகியிருந்ததால், ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக் கூடாது என்ற விதியையே 2011இல் தளர்த்த வேண்டியிருந்தது. அந்தப் பெண்களை அறிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வழிகாட்டியிடம், "அங்கே அவர்களுடைய ஆவி வருமா?" என்று கேட்காதீர்கள்.

11. வழிகாட்டியை மதியுங்கள்.

மழையிலும் குளிரிலும் அதே கதையை நேற்றுச் சொன்ன உற்சாகத்தோடு இன்றும் சொல்வது லேசான வேலை அல்ல. நடுவில் குறுக்கிட்டு, "இது பொய்தானே?" என்று கேட்பது அழகில்லை. அடுத்த பப்புக்கு நடக்கும்போது பக்கத்தில் போய்க் கேளுங்கள். நல்ல வழிகாட்டி எது பதிவு, எது கதை என்று அப்போது மனம்விட்டுச் சொல்வார். சில உலாக்களில் இருட்டிலிருந்து பாய்ந்து பயமுறுத்த ஒரு கூலியாள் இருப்பார். இந்த ஊரில் அவருக்கு 'ஜம்பர்-ஊட்டர்' என்று பெயர். பதறிப்போய்க் கையை ஓங்கிவிடாதீர்கள். அது அவர் பிழைப்பு. பிடித்திருந்தால் முடிவில் வழிகாட்டி கையில் ஏதாவது கொடுங்கள்.

12. பகலில் ஒருமுறை திரும்பிப் போங்கள்.

கவெனன்டர் நினைவிடத்தைப் படியுங்கள். பழைய சிறை இருந்த இடத்தைக் காட்டும் இதய வடிவக் கற்களைப் பாருங்கள். ஊர்க்காரர்கள் அதில் துப்பிவிட்டுப் போவார்கள். பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் பர்க்கின் எலும்புக்கூடு நிற்கிறது. திறக்கும் நாள் குறைவு, விசாரித்துப் போங்கள்.

உலா நன்றாக இருந்ததா என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். வீடு திரும்பும் வழியில் மேகியைத் தண்டித்த சட்டத்தைப் பற்றி நீங்கள் வாதாடிக்கொண்டு வந்தால் அது நல்ல உலா. எந்த மூலையில் நிழல் அசைந்தது என்று மட்டுமே பேசினால், அடுத்த முறை வேறு வழிகாட்டியைத் தேடுங்கள்.